கோடை ஆற்றில் மடு பார்ப்பது எப்படி?

(வானொலியில் உழவர்களுக்காக நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

மாசி, பங்குனி பிறந்துவிட்டால் நம்ம ஆறுகளில் தண்ணீர் சுருங்க ஆரம்பித்துவிடும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்காக ஜூன் 12-ம் தேதி திறந்து ஜனவரி 28-ம் தேதி மூடுவது வழக்கம். அணையில் இருப்புக் குறைந்த வருஷங்களில் இந்தத் தேதிகள் முன்னே பின்னே போகும். எப்படியானாலும், அணை மூடின பிறகு காவிரியில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும். பவானி, அமராவதி, தாமிரபரணி ஆகிய ஆறுகளிலும் கோடையில் இதே கதைதான். ஐப்பசியில் இரண்டு கரையும் தொட்டு ஓடின ஆறு, சித்திரையில் மணலுக்கு நடுவே ஒரு வாய்க்கால் மாதிரி ஆகிவிடுகிறது.

அப்படியானால் ஐப்பசியில் அந்த ஆறு முழுக்கப் பரவியிருந்த மீனெல்லாம் எங்கே போச்சு? கொஞ்சம் பிடிபட்டிருக்கும், கொஞ்சம் செத்திருக்கும், கொஞ்சத்தை நாரையும் கொக்கும் தின்றிருக்கும். மிச்சம் உள்ளதெல்லாம் ஆற்றின் ஆழமான சில இடங்களில் போய் ஒதுங்கியிருக்கும். அந்த இடத்தைத்தான் சில ஊரில் மடு என்கிறோம், சில ஊரில் கசம் என்கிறோம். ஒரு மைல் நீளத்துக்குப் பரவிக் கிடந்த மீன், கோடையில் இரண்டு மூன்று மடுவுக்குள்ளே அடங்கிவிடுகிறது.

இந்த மடுக்கள் எங்கே இருக்கு, அதைக் கரையிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்துகொண்ட பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். தூண்டில் போடுகிறவர்களுக்கு இது உதவும். ஆற்றில் மோட்டார் வைத்து இறைக்கிற விவசாயிகளுக்கும் உதவும். ஆற்றில் குளிக்கப் போகிற பிள்ளைகளை வைத்திருக்கிற தாய் தகப்பனுக்கும் உதவும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

மீன் ஏன் மடுவைத் தேடுகிறது?

முதல் காரணம் சூடு. ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரி ஆனால் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். நமக்கு மூச்சு முட்டுவது மாதிரிதான் மீனுக்கும் முட்டும். விரால் மாதிரி மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன் தப்பித்துக்கொள்ளும். கெண்டைக்கு அது முடியாது.

இரண்டாவது காரணம் பயம். தண்ணீர் தெளிந்து, ஆழமும் குறைந்தால் மேலே பறக்கிற பறவைக்கு மீன் பளிச்சென்று தெரியும். அதனால் பகலில் ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்விடுகிறது.

மூன்றாவது காரணம் இரை. மேலே சலசலவென்று ஓடிவருகிற தண்ணீர் புழு, பூச்சி, பாசி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்து மடுவின் வாயில் கொட்டுகிறது. சின்ன மீன் அதைத் தின்ன வரும். சின்ன மீனைத் தின்ன வாளையும் கெளுத்தியும் வரும். உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்தால் யார்தான் விட்டுப் போவார்கள்?

மடு எங்கே உண்டாகிறது?

ஆறு கண்டபடி குழி தோண்டுவதில்லை. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கு. அந்த ஒழுங்கு தெரிந்தால் புது ஊர் ஆற்றில் கூட மடுவைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது, ஆறு வளைகிற இடம். வளைவில் தண்ணீர் வெளிப்பக்கத்துக் கரையில் போய் மோதுகிறது. மோதின தண்ணீர் கீழே இறங்கி, அடியை அரித்து, அந்த மணலைக் கொண்டுபோய் உள்பக்கத்தில் சேர்க்கிறது. அதனாலேதான் ஒரு பக்கம் செங்குத்தான கரையும் எதிர்ப் பக்கம் சாய்வான மணல்மேடும் இருப்பதைப் பார்க்கிறோம். செங்குத்தான கரையடியில் ஆழம், மணல்மேட்டுப் பக்கம் மேடு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதிக ஆழம் வளைவின் நட்டநடுவில் இருக்காது. அதைத் தாண்டி, கொஞ்சம் கீழே தள்ளித்தான் இருக்கும்.

இரண்டாவது, இரண்டு ஆறு கூடுகிற இடம். பவானியும் காவிரியும் கூடும் பவானி கூடுதுறை, அமராவதி காவிரியில் சேரும் திருமுக்கூடலூர் மாதிரியான இடங்கள். இரண்டு தண்ணீரும் மோதிச் சுழன்று அடியைத் தோண்டும். பெரிய ஆறுதான் என்று இல்லை, ஒரு காட்டோடை வந்து விழுகிற இடத்திலும் சின்ன அளவில் இதுவே நடக்கும்.

மூன்றாவது, பாலமும் அணைக்கட்டும். பாலத்தின் தூணில் வெள்ளம் மோதும்போது தண்ணீர் தூணை ஒட்டிக் கீழே இறங்கிச் சுழலும். தூணின் மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் குழி விழும். அணைக்கட்டிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில், தளம் முடிந்த கையோடு ஒரு பெரிய பள்ளம் இருக்கும். அங்கே மீன் நிறைய இருக்கும். ஆனால் மிகவும் ஆபத்தான இடமும் அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலாவது, பாறையும் வேரும். பெரிய பாறையின் அடியில் தண்ணீர் சுற்றிச் சுற்றி மணலை எடுத்துவிடும். கரையோரத்து மருத மரத்தின் வேரடியில் மண் கரைந்து, உள்ளே குகை மாதிரி ஆகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம்தான் தெரியும். உள்ளே கையை விட்டால் தோள் வரை போகும். கெளுத்திக்கு அது மாளிகை.

கல்லும் மணலும் கலந்த சின்ன ஆறுகளில் இன்னொரு கணக்கு உண்டு. ஆறு நிறைந்து ஓடும்போது அதன் அகலம் எவ்வளவோ, அதைப்போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு தூரத்துக்கு ஒரு மடு வரும். அகலம் 30 மீட்டர் என்றால், ஏறக்குறைய 150-லிருந்து 210 மீட்டருக்கு ஒன்று. ஒரு மடு, அடுத்து ஆழமில்லாத சலசலப்பு, மறுபடி ஒரு மடு என்று ஆறு படிப்படியாக இறங்கிப் போகும். இது துல்லியமான அளவு இல்லை. ஒரு மடுவைப் பார்த்துவிட்டால் அடுத்ததை எங்கே தேடலாம் என்பதற்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான்.

தண்ணீரின் முகத்தைப் படிப்பது

நல்ல மாட்டை அதன் நடையைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம் இல்லீங்களா? அதுபோலத் தண்ணீரின் மேல்பரப்பைப் பார்த்தே அடியில் இருப்பதைச் சொல்லலாம். இதற்குக் காலை வெயிலோ மாலை வெயிலோ நல்லது. தண்ணீர் குறைந்திருக்கும்போது இந்த அடையாளமெல்லாம் தெளிவாகத் தெரியும்.

சலசலவென்று சிற்றலையாக ஓடினால் ஆழம் குறைவு, அடியில் கல் இருக்கு. சத்தம் அடங்கி, மேல்பரப்பு வழவழப்பாகி, நிறம் கருத்தால் ஆழம் கூடுகிறது என்று அர்த்தம். சத்தம் எங்கே நிற்கிறதோ அங்கே மடு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் கூரான முக்கோணக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கூர்முனை மேல்பக்கம், அதாவது தண்ணீர் வருகிற பக்கம் பார்த்திருந்தால், முனையில் ஒரு பாறை முழுகிக் கிடக்கு. கூர்முனை கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால், இரண்டு கல்லுக்கு நடுவே தண்ணீர் தாராளமாகப் போகிற வழி அது. பரிசல் ஓட்டுகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் வழி பிடிக்கிறார்கள்.

ஒரு இடத்தில் தண்ணீர் உலையில் கொதிக்கிற மாதிரி மேலே பொங்கினால், பாறை அந்த இடத்தில் இல்லை. அதற்கு மேல்பக்கம் கொஞ்சம் தள்ளி அடியில் இருக்கு. பாறையில் மோதின தண்ணீர் மேலே எழும்பி வருவதற்குள் ஓட்டம் அதைக் கீழே தள்ளிவிடுகிறது. ஆகவே பொங்கலைப் பார்த்துத் தூண்டிலைப் போடாமல், அதற்கு மேலே போட்டு இறங்க விடவேண்டும்.

நுரையும் சருகும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அது சுழி. வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு கோடு தெரியும். மீன் அந்தக் கோட்டின் மெதுவான பக்கத்தில் நின்றுகொண்டு, வேகமான பக்கத்தில் வருகிற இரையைப் பிடித்துத் தின்னும்.

இன்னொன்று ஊற்று. மணல் ஆற்றில் நடக்கும்போது ஓரிடத்தில் காலுக்குச் சில்லென்று இருந்தால் அங்கே கரையிலிருந்தோ அடியிலிருந்தோ ஊற்று வருகிறது. அப்படி ஊற்றுக்கண் உள்ள மடு கோடையில் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் வற்றவும் வற்றாது. அதை மறக்காமல் குறித்து வையுங்கள்.

அளந்து பார்ப்பது

கண்ணால் பார்த்தது போதாது, அளந்து பார்க்க வேணும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. நாம் ஆற்றையே அளக்கப் போகிறோம்.

செலவு ஒன்றும் இல்லை. ஒரு நீளமான நூல் கயிறு, அடியில் கட்ட ஒரு கனமான இரும்பு நட்டு. கயிற்றில் ஒரு அடிக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவது அடியில் ஒரு சிவப்புத் துணி. பரிசலிலிருந்தோ, பாலத்திலிருந்தோ, கரைப்பாறையிலிருந்தோ இதை இறக்கி முடிச்சை எண்ணினால் ஆழம் தெரிந்துபோகும். அடியில் என்ன இருக்கு என்று தெரியவேண்டுமானால், நட்டின் அடிப்பக்கம் கொஞ்சம் கிரீஸோ ஈரச் சோப்போ தடவி இறக்குங்கள். மணல் என்றால் மணல் ஒட்டி வரும், சேறு என்றால் சேறு ஒட்டி வரும், ஒன்றும் ஒட்டாமல் நசுங்கி வந்தால் பாறை. பழைய காலத்துக் கப்பல்காரர்கள் ஈயக்குண்டில் கொழுப்பைத் தடவி இப்படித்தான் கடலின் அடியைப் பார்த்தார்கள். இப்போது ஒலியை அனுப்பி ஆழம் காட்டுகிற கருவிகள் கடையில் விற்கின்றன. இருந்தாலும் நம்ம ஆற்று மடுவுக்குக் கயிறும் நட்டும் போதும்.

மூங்கில் கழி இருந்தால் இன்னும் சுலபம். கழியை ஊன்றும்போது கையில் தெரிகிற அதிர்வே போதும். மணலில் சொரசொரவென்று இறங்கும், கல்லில் டக்கென்று தட்டும், சேற்றில் பிடித்துக்கொள்ளும்.

அளந்ததை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வையுங்கள். இடத்தைக் குறிக்க ஒரு நல்ல வழி, கடலோர மீனவர்களின் வழி. கடலுக்கு அடியில் உள்ள பாறைப் பாரைக் கண்டுபிடிக்க, கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நேர்கோட்டில் பார்ப்பார்கள். வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி அடையாளத்தை அதே மாதிரி பார்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். ஆற்றிலும் அப்படிச் செய்யலாம். கோயில் கோபுரமும் பம்புசெட்டு ரூமும் ஒரு கோடு, எதிர்க்கரைப் பனைமரமும் மின்கம்பமும் ஒரு கோடு என்று குறித்துவைத்தால், ஆறு நிறைந்து ஓடும்போதும் மடு எங்கே என்று தப்பாமல் சொல்லலாம்.

அளந்த அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதவேண்டும். துறைப் படிக்கட்டில் எத்தனையாவது படி நனைந்திருந்தது என்று எழுதினால் போதும். தண்ணீர் மிகக் குறைவாக இருக்கிற சித்திரை வைகாசிதான் படம் போட்டு வைக்க ஏற்ற காலம். அப்போது ஆறு தன் அடிவயிற்றைத் திறந்து காட்டுகிறது. பாறை மடு வருஷக்கணக்கில் மாறாது. மணல் மடு ஒரு பெரிய வெள்ளத்தில் இடம் மாறிவிடும். ஆகவே வெள்ளம் போன பிறகு ஒருமுறை திரும்பப் பார்க்கவேண்டும்.

மடுவுக்குள் மீன் எங்கே நிற்கும்?

மடுவுக்குத் தலை, வயிறு, வால் என்று மூன்று பாகம். சலசலப்பு வந்து விழுகிற இடம் தலை. நடுவில் ஆழம், அது வயிறு. மறுபடி மேடேறுகிற இடம் வால்.

உச்சிவெயிலில் மீன் வயிற்றிலும் வேரடி நிழலிலும் கிடக்கும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் வாளை போன்ற வேட்டை மீன் தலைப் பக்கமும் வால் பக்கமும் ஏறி வந்து சின்ன மீனைத் துரத்தும். கெளுத்தியும் இரவில்தான் இரை தேடும். தூண்டில்காரருக்குப் பகல் முழுக்க உட்கார்ந்து கிடைக்காதது, பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது இதனாலேதான். பாசி மண்டின மடுவில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பாசி இரவெல்லாம் பிராணவாயுவைச் செலவழித்துவிடுவதால், விடிகிற நேரத்தில் அது மிகவும் குறைந்துபோகிறது. அந்த நேரத்தில் புதுத்தண்ணீர் விழுகிற தலைப் பக்கம்தான் மீன் கூடும்.

தண்ணீர் தெளிந்திருப்பதால் மீன் நம்மைப் பார்த்துவிடும். கரையில் தொம் தொம்மென்று நடக்கக் கூடாது. நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது.

எதைப் பிடிக்கலாம், எதை விடணும்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மடு தெரிந்தவனுக்கு மீன் சுலபமாகக் கிடைக்கும். சுலபமாகக் கிடைப்பதுதான் ஆபத்தும். ஒரு மைல் ஆற்றின் மீனும் ஒரே மடுவில் இருக்கும்போது, ஒரே நாளில் வலையால் அரித்து எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் அடுத்த வருஷம்?

நம்ம ஆற்றுக் கெண்டை இனங்களில் பெரும்பாலானவை புதுவெள்ளம் வந்ததும் எதிரேறிப் போய் முட்டையிடும். அந்த முட்டையை இடவேண்டிய தாய்மீன், வைகாசி மாதம் முழுக்க மடுவில் காத்துக்கொண்டிருக்கிறது. நாம் பத்தாயத்தில் விதைநெல் வைத்திருக்கிறோம். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டோம். கோடை மடுவில் கிடக்கிற மீன் ஆற்றின் விதைநெல்.

அதற்காக மீனே பிடிக்காதீங்க என்று சொல்ல வரவில்லை. எந்த மடுவில் பிடிப்பது என்று கணக்குப் பார்த்துப் பிடியுங்கள் என்கிறேன். கணக்கு எளிது. மடுவின் ஓரத்தில் அடிக்கோடு போட்ட ஒரு குச்சியை ஊன்றி, வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மார்ச் 15-லிருந்து ஜூன் 12 வரை ஏறக்குறைய 13 வாரம். ஒரு மடுவில் 4 அடி தண்ணீர் இருக்கு, வாரத்துக்கு அரை அடி இறங்குது என்றால் 8 வாரத்தில் வற்றிப்போகும். அதில் உள்ள மீன் எப்படியும் சாகும். அதைத் தாராளமாகப் பிடியுங்கள். சின்னக் குஞ்சுகளை மட்டும் ஒரு வாளியில் எடுத்துப் பெரிய மடுவில் விட்டால் புண்ணியம். இன்னொரு மடுவில் 10 அடி இருக்கு, அதே அரை அடிதான் இறங்குது என்றால், 13 வாரத்துக்குப் பிறகும் மூன்றரை அடி மிச்சம் இருக்கும். அது தாய்மடு. அதில் வலை போடாதீங்க. இரண்டுக்கும் நடுத்தரமாக உள்ள மடுவில், பெரிய கண் வலையோ தூண்டிலோ போட்டு, வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதியில் மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கு, அனுமதி வேண்டுமா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மடுவை ஊரே காப்பாற்றுவது புதுசு இல்லை. பாபநாசத்தில் கோயிலுக்கு முன்னால் தாமிரபரணியில் மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து பொரி தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் அவற்றைப் பிடிப்பதில்லை. கர்நாடகத்தில் சிருங்கேரியில் துங்கா நதியிலும் அப்படியே. நமக்குத் தெரியாத நாட்டிலும் இந்த வழக்கம் உண்டு. லாவோஸ் நாட்டின் தெற்கே மீகாங் ஆற்றங்கரையில் 1990-களில் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமத்தார் கூடிப் பேசி, ஆற்றின் குறிப்பிட்ட இடங்களில் மீன் பிடிப்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அவர்கள் ஒதுக்கிய இடங்களில் பல, கோடையில் மீன் ஒதுங்குகிற ஆழ மடுக்கள்தான். ஒரு மடுவை விட்டுவிட்டு, மிச்ச ஆறு முழுவதும் பிடிப்பது என்பது அவர்கள் கணக்கு.

காவிரியின் பெரிய மீனான மாசீர் கெண்டையின் கதை நமக்கு ஒரு பாடம். காவிரியில் சேருகிற கபினி ஆற்றில் 1946-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு மாசீர் தூண்டிலில் அகப்பட்டது. அதன் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஒரு ஆள் எடை. காவிரிக்கே உரிய திமில் மாசீர் என்ற இனம் இன்றைக்கு மோயாறு போன்ற ஒன்றிரண்டு இடங்களில்தான் மிஞ்சியிருக்கு. உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் 2018-ல் அதைச் சேர்த்தார்கள்.

வெடியும் மருந்தும் வேண்டாம். 1897-ம் ஆண்டிலேயே வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வெடி வைத்தால் செத்த மீனில் பெரும் பகுதி மிதக்காமல் அடியில் போய்விடும். கையில் கிடைப்பது கொஞ்சம், வீணாவது அதிகம். குஞ்சும் பாசியும் புழுவும் சேர்ந்து போகும். மின்சாரக் கம்பியை ஆற்றில் போடுகிறவர்கள் தங்கள் உயிரையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

விவசாயிகளுக்கு இரண்டு வார்த்தை

ஒன்று, மருந்து டேங்க். பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கிற சைபர்மெத்ரின் மாதிரியான மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். மிகமிகச் சின்ன அளவே மீனைக் கொன்றுவிடும். வெள்ள காலத்தில் டேங்கைக் கழுவின தண்ணீர் ஆற்றோடு கலைந்து போய்விடலாம். கோடையில் மடுவில் கழுவினால் அது எங்கே போகும்? அங்கேயே நிற்கும். டேங்கை வயலிலேயே கழுவி வயலிலேயே ஊற்றுங்கள்.

இரண்டு, மோட்டார். தாய்மடுவில் குழாயைப் போட்டால் தண்ணீர் கடைசி வரை கிடைக்கும் என்று தோன்றும். பத்து மோட்டார் சேர்ந்தால் அதுவும் வற்றும். மடு வற்றினால் பக்கத்துக் கிணற்றில் ஊறுகிற தண்ணீரும் குறையும். மடுவில் இறைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், தண்ணீரை இழுக்கிற குழாயின் வாயை அடியில் இறக்காமல் பாதி ஆழத்தில் நிறுத்திக் கட்டுங்கள். தண்ணீர் அதற்குக் கீழே போனால் மோட்டார் இழுக்காது. மிச்சம் மீனுக்கும் மாட்டுக்கும் நிற்கும்.

உயிருக்குப் பாதுகாப்பு

மடுவும் மணல் எடுத்த குழியும் ஒன்றில்லை. மடுவின் ஓரம் பெரும்பாலும் ஒரு பக்கமாவது சாய்ந்து இறங்கும். மணல் குழியின் ஓரம் செங்குத்தாக இருக்கும், மிதித்தால் சரியும். மேலே முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் முழுகிப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். ஆற்றில் இறங்குகிற எவரும் கையில் ஒரு கழி வைத்து, முன்னால் ஊன்றிப் பார்த்து அடி எடுத்து வைக்கவேண்டும். ஊருக்குப் பக்கத்தில் உள்ள குழிகளைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டு, ஒரு சிவப்புக் கொடியும் நட்டு வைப்பது பெரியவர்கள் கடமை.

அணைக்கட்டிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்தில் சுழல் திரும்பத் திரும்ப ஆளை அணைப் பக்கமே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அதில் தப்புவது கடினம். அங்கே இறங்கவே கூடாது. மேலே அணை திறக்கிறார்கள் என்று தண்டோரா போட்டாலோ, செய்தி வந்தாலோ, ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு உடனே கரையேறிவிடுங்கள். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம், ஒகேனக்கல் பக்கம், அமராவதிப் பக்கம் முதலை உண்டு. கோடையில் அதுவும் மீனைப் போல மடுவைத்தான் தேடும்.

ஆகவே பெருமக்களே, இந்தச் சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு கயிறும் கழியும் நோட்டும் எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் படிக்கிற பையன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு, உங்கள் ஊர் எல்லைக்குள் ஆறு போகிற தூரம் முழுக்க நடந்து பாருங்கள். எத்தனை மடு, எவ்வளவு ஆழம், எது வற்றும், எது வற்றாது என்று எழுதுங்கள். அந்த நோட்டை ஊர்க்கூட்டத்தில் படியுங்கள். வற்றாத மடு எது என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், அதைக் காப்பாற்றுவதும் ஊர் வேலை ஆகிவிடும். ஆடியில் புதுவெள்ளம் வரும்போது, அந்த ஒரு மடுவிலிருந்து புறப்பட்டு எதிரேறுகிற மீன்தான் அடுத்த கோடைக்கு உங்கள் ஆற்றை நிரப்பும்.